மீன் தொட்டியில மணல் மாத்தினாக்கள் உங்கட அனுபவத்தையும் சொல்லுங்கோ

கொக்குவிலில இருந்து:
எங்கட தொட்டியில கிடந்த கலர் கல்லை எடுத்துப்போட்டு ஆத்து மணல் போட்டு முடிச்சிட்டன். ஒரு மீனும் சாகேல்லை. மாத்தப் போறவைக்கு முதல்ல சொல்லுறது, ஒரே நாளில முழுக்க அள்ளிப் போடாதேங்கோ. மீன்ர கழிவில வாற அமோனியாவைத் தின்னுற பக்டீரியா பில்டர் ஸ்பொஞ்சில மட்டுமில்லை, அடிக்கல்லிலயும் ஒட்டியிருக்கு. கல்லு போனா அதுவும் போகும். வேற ஊர் வீடியோக்களில ஒரு பின்னேரத்துக்குள்ள மாத்திக் காட்டுவினம். எங்கட கிணத்துத் தண்ணி சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால ஊறி வாறது, காரம் கூட. தண்ணியின்ர காரத்தைக் காட்டுற பிஎச் அளவு 7 இல இருந்து 8 க்கு ஏறினா, அதே அமோனியாவில மீனைக் கொல்லுற பங்கு கிட்டத்தட்ட 10 மடங்காகும். அதால இஞ்ச பொறுமை கட்டாயம் வேணும்.

தொட்டியை மூண்டு பங்காப் பிரிச்சு, ஒரு பங்கு எடுத்தா ஒரு கிழமை விட்டுத்தான் அடுத்தது. கண்ணாடிப் பக்கத்தால பாத்தா கல்லுக்கடியில கறுப்பா ஒரு படை தெரியும். கிண்டினா கூழ்முட்டை மணம் கிளம்பும். அது ஹைட்ரஜன் சல்பைட், மீனுக்கு நஞ்சு. அதால மீனைத் தொட்டித் தண்ணியோடயே வாளிக்கு மாத்தி, காத்துக்கல்லும் போட்டு, பைப்பை அடியில வைச்சுச் சேறை உறிஞ்சி எடுத்த பிறகுதான் கல்லில கை வைச்சனான். புது மணலை அரிசி களையிற மாதிரித் தண்ணி தெளியிற வரைக்கும் கழுவி, கப்பில அள்ளி அடி வரைக்கும் இறக்கிக் கவிட்டால் தொட்டி கலங்காது. அந்த நாளுகளில ஸ்பொஞ்சைக் கழுவவே கூடாது.

இப்ப அடியில மேயுற கொரிடோரஸ் எண்ட கெளுத்தி மீன் மூக்கை மணலுக்குள்ள கண் வரைக்கும் புதைச்சு, செவுளால மணலைத் தள்ளித் தள்ளித் தேடுது. கலர் கல்லில அதுக்கு அது ஏலாது. அதைப் பாக்கிறதுக்காகவே மாத்தலாம்.

பருத்தித்துறையில இருந்து:
அண்ணை சொன்னது சரி. கடற்கரை மணல் சும்மா கிடைக்குதெண்டு போடப் போறவை ஒரு பிடி மணலில விநாகிரி விட்டுப் பாருங்கோ. நான் விட்டுப் பாத்தன், நுரைச்சுப் பொங்கினது. சிப்பியும் முருகைக்கல்லுத் தூளும் அதுக்குள்ள. அது கரையக் கரையத் தண்ணி இன்னும் கடினமாகும். கப்பி, மொலி மீனுகள் தாங்கும், நியோன் டெட்ரா மீன் தாங்காது. வன்னியில இருந்து லொறியில வாற ஆத்து மணல் வாங்கினாலும் ஒருக்கா விநாகிரி விட்டுத்தான் போடுவன்.

இணுவிலில இருந்து:
மாரியில கிணத்துக்குக் குளோரின் போட்டிருந்தா அந்தக் கிழமை இந்த வேலையே வேண்டாம், பக்டீரியா செத்துப்போகும்.

கொக்குவில்:
ஓம் தங்கச்சி, நல்லாச் சொன்னீங்கள். அமோனியா பாக்கிற கிட் இல்லாதவை மீனைப் பாருங்கோ. மேல வந்து வாயைப் பிளந்து மூச்செடுத்தாலோ செவுள் சிவந்தாலோ சாப்பாட்டை நிப்பாட்டி, குளோரின் இல்லாத தண்ணியால உடன நாலில ஒரு பங்கை மாத்துங்கோ.