காய்ச்சல் இறங்கினால் நல்லதுதானே, ஏன் பயப்படச் சொன்னார்கள்?

பெரம்பூர் மாணவி:
வணக்கம். சென்னையில் பிஎஸ்சி நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். பேத்தாலஜியில் (நோய்க்கூறியல்) செல் காயம், அட்ரோபி (செல் சிறுத்துப்போவது), ஹைப்பர்ட்ரோபி (செல் பருப்பது), நெக்ரோசிஸ் (செல் செத்துப்போவது) எல்லாவற்றையும் மனப்பாடம் செய்து டெஸ்ட்டில் எழுதிவிடுகிறேன். ஆனால் வார்டுக்குப் போனால் அந்தப் பாடத்துக்கும் கட்டிலில் படுத்திருக்கிறவருக்கும் என்ன சம்பந்தம் என்றே புரிவதில்லை.

இப்போது எனக்கு டெங்கு வார்டில் போஸ்டிங். மழை ஆரம்பித்ததிலிருந்து கட்டில் காலி இல்லை. முந்தாநாள் ஒரு பையனுக்கு ஐந்தாம் நாள், காய்ச்சல் 103-லிருந்து 99-க்கு இறங்கிவிட்டது. நான் சார்ட்டில் குறித்துவிட்டு அவன் அம்மாவிடம் "இனி பயமில்லைம்மா" என்றும் சொல்லிவிட்டேன். இன்சார்ஜ் சிஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இப்போதுதான் பயப்படணும். மணிக்கு ஒரு தடவை பல்ஸும் பிபியும் பார், ஏன் என்று யோசித்துக்கொண்டு வா" என்றார்கள். பிளேட்லெட் 60 ஆயிரம், பிசிவி (ரத்தத்தில் சிவப்பணு எத்தனை சதவீதம் என்ற கணக்கு) 38-லிருந்து 47 ஆகியிருந்தது. இரண்டு நாளாக யோசிக்கிறேன், பிடிபடவில்லை. யாராவது செல்லிலிருந்து ஆரம்பித்துச் சொல்லுங்களேன்.

நைட் டியூட்டி அக்கா:
தங்கச்சி, உன் சிஸ்டர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். முதலில் பிளேட்லெட்டைக் கொஞ்சம் ஒதுக்கி வை, வீட்டுக்காரர்கள் எல்லாரும் அதையே கேட்பார்கள், நீ பிசிவியைப் பார்.

ரத்தக்குழாயின் உள்பக்கம் தட்டையான செல்கள் ஓரத்தோடு ஓரம் ஒட்டி, தரையில் ஓடு பதித்த மாதிரி இருக்கும். டெங்குவில் வைரஸ் விடுகிற என்எஸ்1 புரதமும், நம் உடம்பே வைரஸை எதிர்க்க விடுகிற ரசாயனங்களும் சேர்ந்து அந்த ஒட்டைத் தளர்த்திவிடுகின்றன. இடுக்கு வழியாக ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா வெளியே கசிந்து நெஞ்சுக்கூட்டிலும் வயிற்றிலும் போய்த் தேங்கும். சிவப்பணு பெரியது, உள்ளேயே நின்றுவிடும். அடுப்பில் குழம்பு வற்றினால் காய் கூடிவிட்ட மாதிரி தெரியுமே, காய் கூடவில்லை, தண்ணீர்தான் போயிற்று. 38 என்பது 47 ஆனதும் அப்படித்தான். 20 சதவீதத்துக்கு மேல் ஏறியிருக்கிறது, கசிவு நன்றாகவே நடக்கிறது என்று அர்த்தம்.

இந்தக் கசிவு பெரும்பாலும் 3-ஆம் நாளிலிருந்து 7-ஆம் நாளுக்குள், காய்ச்சல் இறங்குகிற அதே நேரத்தில் வரும், 24 முதல் 48 மணி நேரம் இருக்கும். வைரஸ் ரத்தத்தில் குறைகிறது, அதனால் காய்ச்சல் போகிறது, ஆனால் குழாய் ஓட்டையாக இருக்கிறது. அம்மாவுக்குப் பிள்ளை தேறிவிட்ட மாதிரி தெரியும்.

அப்புறம் உடம்பு சமாளிக்கப் பார்க்கும். இதயம் வேகமாக அடிக்கும், தோலுக்குப் போகிற குழாய்கள் சுருங்கும், அதனால்தான் கை கால் ஜில்லென்று ஆகிறது. குழாய் சுருங்குவதால் கீழ் பிபி ஏறும், மேல் பிபி அப்படியே நிற்கும். 100/80 என்று வந்தால் "நூறு இருக்கே" என்று நகர்ந்துவிடாதே, இரண்டுக்கும் இடைவெளி 20-தான், அது ஷாக், அதாவது உறுப்புகளுக்கு ரத்தம் போதாத நிலை. உடனே டாக்டரைக் கூப்பிடணும்.

அதையும் விட்டுவிட்டால்தான் உன் புத்தகத்தின் முதல் பாடம் நடக்கும். செல்லுக்கு ஆக்சிஜன் போதாது, செல்லின் சக்தி நிலையமான மைட்டோகாண்ட்ரியா, செல்லுக்கு எரிபொருளான ஏடிபியைச் செய்வது குறையும். ஏடிபி இல்லாமல் சோடியம் பொட்டாசியம் பம்ப் ஓடாது. வழக்கமாக அது 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். பம்ப் நின்றால் சோடியம் உள்ளேயே சேரும், பின்னாலேயே தண்ணீரும் வரும், செல் உப்பும். ஆக்சிஜன் இல்லாமல் குளுக்கோஸை உடைப்பதால் லாக்டிக் அமிலம் சேரும், நோயாளி மூச்சை இழுத்து இழுத்து விடுவார். இதுவரைக்கும் திரும்பி வரலாம். செல் சவ்வு கிழிந்து கால்சியம் உள்ளே கொட்டிவிட்டால் திரும்பாது. நீ மணிக்கு ஒரு தடவை பல்ஸ் பார்ப்பது செல்லை அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமே நிறுத்துவதற்குத்தான்.

ஒன்று விட்டுவிட்டேன். கசிவு நின்றதும் வெளியே போன நீர் தானாகக் குழாய்க்குத் திரும்பும். அப்போதும் சலைன் ஓடிக்கொண்டிருந்தால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். நல்லெண்ணத்தில் ஏற்றிய சலைனே மூச்சுத்திணறலில் கொண்டுபோய் விட்டதைப் பார்த்திருக்கிறேன்.

கேஷுவாலிட்டி ஸ்டாஃப்:
அக்கா சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளணும். பிசிவி இறங்கினால் எப்போதும் நல்ல செய்தி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பல்ஸ் ஏறிக்கொண்டே போகிறது, ஆள் வெளிறிப்போகிறார், பிசிவி மட்டும் இறங்குகிறது என்றால் உள்ளே எங்கேயோ ரத்தம் போகிறது. மலம் கறுப்பாகப் போகிறதா என்று கேள். வயிற்று வலி, நிற்காத வாந்தி, படுக்கையில் நிலைகொள்ளாமல் புரள்வது, இந்த மூன்றையும் எண் எதுவும் வருவதற்கு முன்னாலேயே சொல்லிவிடு.

பெரம்பூர் மாணவி:
ரொம்ப நன்றி அக்கா, நன்றி அண்ணா. அந்த அம்மாவிடம் நான் சொன்னதை நினைத்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது. இன்னொரு சந்தேகம். செல் உப்பும் என்றீர்கள். என் பெரியப்பாவுக்கு ரொம்ப வருஷமாக பிபி, எக்கோ எடுத்துவிட்டு "இதயம் வீங்கியிருக்கு" என்றார்கள். அதுவும் இதே தண்ணீர்தானா? அவருக்குக் காலும் வீங்குகிறது.

நர்சிங் ட்யூட்டர்:
நல்ல கேள்விம்மா, என் வகுப்பில் தமிழ் மீடியம் பிள்ளைகள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். நாம் எல்லாவற்றுக்கும் 'வீக்கம்' என்று ஒரே சொல்லை வைத்திருக்கிறோம், உள்ளே நடப்பதோ மூன்று வேறு விஷயம்.

அக்கா சொன்னது செல்லுக்கு உள்ளே தண்ணீர். பெரியப்பா காலில் இருப்பது செல்லுக்கு வெளியே, இடைவெளியில் தேங்கிய தண்ணீர், அதுதான் எடிமா, கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழும். இதயத்தில் பெரும்பாலும் தண்ணீரே இல்லை. வருஷக்கணக்காக ஏறிய அழுத்தத்தை எதிர்த்து ரத்தத்தைத் தள்ளித் தள்ளி இடது வென்ட்ரிக்கிள் (இதயத்தின் இடது கீழறை) தசை தடித்துவிடுகிறது, அது ஹைப்பர்ட்ரோபி. இதயத்தசை செல்லால் பெருகிக்கொள்ள முடியாது என்றே வைத்துக்கொள், அதனால் உள்ளே புரதத்தைச் சேர்த்து ஒவ்வொரு செல்லும் பருக்கிறது. மூட்டை தூக்குகிறவர் புஜம் மாதிரி பலம்தானே என்று தோன்றும். ஆனால் தசை பருத்த அளவுக்கு அதற்கு ரத்தம் கொடுக்கிற குழாய் வளர்வதில்லை, சுவரும் விறைத்துப்போகிறது, இதயம் நிரம்பவே கஷ்டப்படுகிறது. நாளாக நாளாகத் தளர்ந்து விரிந்தும் போகலாம். அப்போது ரத்தம் பின்னால் தேங்கிக் கால் வீங்கும், படுத்தால் மூச்சு முட்டும். இரவில் எத்தனை தலையணை வைத்துத் தூங்குகிறார் என்று கேட்டுப் பார், கூடிக்கொண்டே போனால் சீக்கிரம் டாக்டரிடம் அழைத்துப் போ.

கால் வீங்கினால் எல்லாம் இதயம் என்றும் முடிவு கட்டாதே. சிறுநீரில் ஆல்புமின் என்ற ரத்தப் புரதம் போனாலும் வீங்கும், நீரைக் குழாய்க்குள் பிடித்து வைப்பதே அதுதான். யானைக்கால் நோயில் நிணநீர்க் குழாய் கெட்டுப்போயிருக்கும், ஆரம்பத்தில் குழி விழும், நாள்பட்டால் திசு இறுகிப்போய் அழுத்தினாலும் விழாது.

பெரம்பூர் மாணவி:
இன்று காலையில் அந்தப் பையனுக்கு பிசிவி 40. சிறுநீர் நன்றாகப் போகிறான், கை கதகதப்பாக இருக்கிறது, பல்ஸும் குறைந்திருக்கிறது, சலைனை நிறுத்திவிட்டார்கள். இன்சார்ஜ் சிஸ்டர் "ஏன் நிறுத்தினோம் சொல்லு" என்றார்கள். குழம்பு உதாரணத்தையே சொன்னேன், அவன் அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.