டோலாஞ்சியில் இடமாகச் சுற்றச் சொன்னார்கள்: திபெத்தின் ஆதி மதம் எது?

மருந்துக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். நான் பத்தியில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். (பத்தி என்பது ஹிமாச்சலில் ஓர் ஊர். பக்திக்கும் எனக்கும் வெகு தூரம்.) போன ஞாயிறு நண்பனோடு பைக்கில் சோலன் பக்கம் டோலாஞ்சி என்ற ஊருக்குப் போனேன். அங்கே மென்ரி என்று ஒரு திபெத்திய மடாலயம். பௌத்த மடம்தானே என்று நினைத்து, நம்ம கோயில் பழக்கத்தில் வலமாகச் சுற்ற ஆரம்பித்தேன். எதிரே ஜபமாலை உருட்டிக்கொண்டு வந்த ஒரு பாட்டி சிரித்துக்கொண்டே விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார், எதிர்த்திசையில். அப்புறம்தான் பார்க்கிறேன், அத்தனை பேரும் அப்பிரதட்சிணமாகப் போகிறார்கள்! சுவரில் இருந்த ஸ்வஸ்திகமும் இடப்பக்கம் திரும்பியிருந்தது.

இளம் துறவி ஒருவர் ஹிந்தியில் விளக்கினார். இது பொன் மதமாம் (தங்கம் இல்லை, பெயரே அதுதான்). பௌத்தம் வருவதற்கு முன்பே திபெத்தில் இருந்ததாம். அவர்கள் ஆசான் தோன்பா ஷென்ரப் பிறந்து 18,000 ஆண்டு ஆகிறதாம். ஆனால் சிவப்பு உடை, சிலைகள், ஓதும் ராகம் எல்லாம் எனக்குப் பௌத்தம் மாதிரியேதான் தெரிந்தது. யார் யாரைப் பார்த்து எழுதினார்கள்? உண்மையில் பௌத்தத்துக்கு முன் திபெத்தியர்கள் எதைக் கும்பிட்டார்கள்? ஆதாரம் ஏதாவது இருக்கிறதா?

கயிலைவாசி:

இதில் என்ன சந்தேகம்? கயிலாயம் அங்கேதான் இருக்கிறது. பொன் என்பது பழைய சைவம்தான். நம்முடையதுதான் அங்கே போய் வேறு பெயரில் உட்கார்ந்திருக்கிறது.

லே_தபால்காரர்:

தம்பி மருந்துக்காரன், துறவி சொன்னதில் பாதியை ஒப்புக்கொள்வேன். நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் அறிஞன் இல்லை. 80களின் கடைசியில் ராணுவத் தபால் பிரிவில் மூன்று வருடம் லடாக்கின் லேயில் இருந்தேன். பனிக்காலத்தில் விமானம் வராத நாளில் தபாலும் வராது. எதிரே துணிக்கடை வைத்திருந்தவர் தன் கடைப் பலகையைக் காட்டித்தான் எனக்குத் திபெத்திய எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். அந்தப் பைத்தியம் இன்னும் தெளியவில்லை. இப்போது பெரியகுளத்தில் உட்கார்ந்து, பழைய ஏடுகளின் படங்களைக் கணினியில் பெரிதாக்கி எழுத்துக்கூட்டிக்கொண்டிருக்கிறேன்.

அந்த ஏடுகள்தான் உங்களுக்கு ஆதாரம். சீனாவின் மேற்கே பாலைவன ஓரத்தில் இருக்கும் துன்ஹுவாங் குகைகளில் ஓர் அறையை 11ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் அடைத்துவிட்டார்கள். 1900இல் வாங் என்ற தாவோ துறவியின் கண்ணில் அது பட்டது. 1907இல் பிரிட்டனுக்காக ஸ்டைனும் 1908இல் பிரான்ஸுக்காகப் பெலியோவும் வந்து மூட்டை மூட்டையாக வாங்கிக்கொண்டு போனார்கள். அதனால் இன்று ஏடுகளில் பெரும்பங்கு லண்டனிலும் பாரிஸிலும் இருக்கிறது. அந்த ஊரை 848 வரை சில தலைமுறைகள் திபெத்தியர்கள் ஆண்டார்கள், ஆகவே திபெத்திய மொழி ஏடுகளும் ஏராளம்.

அதில் ஓர் ஆண்டுக்குறிப்பு இருக்கிறது. கணக்குப்பிள்ளை எழுதியது மாதிரி வறட்டு நடை. அரசர் கோடையில் எங்கே தங்கினார், சபை எங்கே கூடியது, அவ்வளவுதான். நாய் ஆண்டு, அதாவது 650: அரசரின் பாட்டனார் உடல் சிங்வாவில் பிண அறையில் வைக்கப்பட்டிருந்தது. அந்தப் பாட்டனார் வேறு யாருமில்லை, திபெத்தை ஒரு குடைக்கீழ் கொண்டுவந்த சோங்சென் காம்போ. இப்படிப் பிணத்தை மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் வைத்திருந்துதான் பெரிய சடங்கு செய்து அடக்கம் செய்தார்கள். 641இல் மணமகளாக வந்த சீன இளவரசி வென்செங்கின் இறுதிச்சடங்கும் 683இல் ஒரு வரியாக வருகிறது. நேபாளத்திலிருந்து வந்ததாகச் சொல்லும் பிருகுடி ராணி? இந்த ஏடுகளில் ஆளையே காணோம். அவளைப் பிற்காலச் சரித்திரங்களில்தான் பார்க்கலாம். லாசாவில் அவள் பெயரைச் சொல்லிக் கோயிலைக் காட்டும்போது இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, பொன்னுக்கு வருகிறேன். பழைய ஏடுகளில் ‘பொன்’, ‘ஷென்’ என்ற சொற்கள் உண்டு. ஆனால் அவை ஒரு மதத்தின் பெயராக வருவதில்லை, சடங்கு செய்யும் ஆட்களின் பெயராக வருகின்றன. நம் ஊரில் கோடாங்கி, பூசாரி என்கிறோமே, அந்த மாதிரி. அரச அடக்கச் சடங்கைப் படிப்படியாக விவரிக்கும் ஓர் ஏடு பாரிஸில் இருக்கிறது. செத்தவருக்கு முன்னே போய் வழி காட்ட ஓர் ஆடு, கணவாயும் ஆறும் தாண்டிவிடக் குதிரைகள், கூடவே பலி. இந்தச் சடங்குகளில் இவர்களுக்கு வேலை இருந்தது. மடம், துறவு, நூல் தொகுதி என்று நீங்கள் டோலாஞ்சியில் பார்த்த ‘யுங்துருங் பொன்’ ஓர் அமைப்பாக உருவானது 10, 11ஆம் நூற்றாண்டுகளில். அதே காலத்தில்தான் திபெத்தில் பௌத்தமும் இரண்டாம் முறையாக எழுந்தது. இருவரும் ஒரே அடுப்பில் சமைத்தவர்கள், வாசம் ஒன்றாக இருப்பதில் ஆச்சரியமில்லை. மூல மென்ரி மடம் 1405இல் திபெத்தில் கட்டியது. உங்கள் டோலாஞ்சி 1960களில் அகதிகளாக வந்தவர்கள் எழுப்பியது. 18,000 என்பது நம்பிக்கைக் கணக்கு, அதை வரலாற்றுப் புத்தகத்தில் ஏற்றக்கூடாது.

அதற்காகப் பொன் துறவிகள் வெறுமனே கதை கட்டினார்கள் என்றும் சொல்ல மாட்டேன். பழைய சடங்கின் துண்டுகள் அவர்கள் நூல்களில் இருக்கின்றன. எவ்வளவு என்பதில்தான் படித்தவர்களுக்குள் சண்டை.

பழைய நம்பிக்கை எப்படி இருந்தது என்று எனக்குப் புரியவைத்தது ஒரு கயிற்றுக் கதை. முதல் அரசர்கள் வானத்திலிருந்து வந்தவர்கள். தலை உச்சியில் ‘மு’ என்ற கயிறு. மகன் குதிரை ஏறும் வயது வந்ததும் தகப்பன் அந்தக் கயிற்றைப் பிடித்து மேலே போய்விடுவான். பிணமே கிடையாது, ஆகவே கல்லறையும் கிடையாது. பிறகு திரிகும் என்ற அரசன் வந்தான். வம்புக்காரன். தன் குதிரைக்காரன் லோங்காமைச் சண்டைக்கு வா என்று கட்டாயப்படுத்தினான். லோங்காம் புத்திசாலி. நூறு எருதுகளின் கொம்புகளில் தங்க ஈட்டி முனை மாட்டி, முதுகில் சாம்பல் மூட்டை ஏற்றி விட்டான். எருதுகள் முட்டிக்கொண்டதில் மூட்டை கிழிந்து ஊரே சாம்பல் மூட்டம். அதற்குள் அரசன் கதை முடிந்தது. வாளைத் தலைக்கு மேல் சுழற்றித் தன் கயிற்றைத் தானே வெட்டிக்கொண்டான் என்று பிற்கால நூல்கள் சேர்க்கும். உடலைச் செம்புக்குள் வைத்து ஆற்றில் விட, அது ஒரு நீர்த்தெய்வத்தின் வயிற்றுக்குப் போய்ச் சேர்ந்தது. மீட்கப் போனவனிடம் அது கேட்ட விலை: பறவை மாதிரிக் கீழ் இமையால் கண் மூடும் ஒரு மனிதப்பிறவி. தேடி அலைந்து அப்படி ஒரு பெண் குழந்தையைக் கொண்டுவந்து கொடுத்து உடலை வாங்கி, முதல் கல்லறை கட்டினார்கள்.

சோங்கியே பள்ளத்தாக்கில் இன்றும் குன்று மாதிரி நிற்கும் அரச மண்மேடுகளின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குழந்தை ஞாபகம்தான் வரும்.

கயிலைவாசி அவர்களுக்கு: மலை ஒன்று, கும்பிடுகிறவர்கள் பலர். அங்கே அதன் பெயர் தீசே. மலையைச் சுற்றிய நாடு ஷாங்ஷுங், தனி மொழி, தனி அரசன். சோங்சென் தன் தங்கை செமர்காரை அந்த அரசனுக்குக் கட்டிக்கொடுத்தான். அவளுக்கு அங்கே வாழ்க்கை சரியில்லை. கருடப் பள்ளத்தாக்கின் வெள்ளிக்கோட்டையாம், வெளியே பாறை, மீனும் கோதுமையும் மென்றால் கசக்கிறது என்று பாடியே புலம்பினாள். அண்ணனிடமிருந்து வந்த தூதனிடம் கடிதம் தரவில்லை. முடிச்சுப் போட்ட ஒரு பொட்டலம் தந்தாள். அண்ணன் பிரித்தால் முப்பது நீலப்பச்சைக் கற்கள். படையெடுக்கத் தைரியம் இருந்தால் இதைக் கழுத்தில் போடு, இல்லாவிட்டால் பெண்பிள்ளைத் தொப்பி போட்டுக்கொள் என்று அர்த்தம் செய்துகொண்டார்கள். ஷாங்ஷுங் போயிற்று. அப்பர் கயிலைக்கு நடந்ததாகப் பெரியபுராணம் சொல்கிறதே, அவரும் அந்த 7ஆம் நூற்றாண்டுக்காரர்தான். காலம் ஒத்துப்போகிறது என்பதற்காக மதமும் ஒன்றாகிவிடாது.

எழுத்தாணி:

அருமை ஐயா. எழுத்துப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. தோன்மி சம்போதா இந்தியா வந்து எழுத்துக் கொண்டுபோனார் என்பார்கள். நான் படித்தவரை அவர் பெயரும் அந்தப் பழைய ஏடுகளில் இல்லை. ஆனால் எழுத்து பிராமி வழி வந்தது என்பதில் ஐயமில்லை, ஆக நம் எழுத்துக்குத் தூரத்துப் பங்காளி. 30 மெய், 4 உயிர்க்குறி. 655இலேயே தலைமை அமைச்சர் சட்டத்தை எழுத்தில் வைத்ததாக அந்த ஆண்டுக்குறிப்பு சொல்கிறது. அன்று உச்சரித்தபடி வைத்த எழுத்துக்கூட்டலை லாசாவில் இன்னும் மாற்றவில்லை: எட்டு என்ற எண்ணை ‘ப்ர்க்யத்’ என்று எழுதிவிட்டு ‘க்யே’ என்கிறார்கள்.

இன்னொன்று. 1027 முதல் அவர்கள் எண்ணும் அறுபதாண்டுச் சுற்றின் பெயர் ரப்ஜுங். அது ‘பிரபவ’ என்பதன் மொழிபெயர்ப்பு. நம் பஞ்சாங்கத்துப் பிரபவ ஆண்டும் அவர்களுடைய 17ஆவது ரப்ஜுங்கும் தொடங்கியது ஒரே 1987இல்.

மருந்துக்காரன்:

ஐயா, நான் 1987இல்தான் பிறந்தேன்! சரி, ஒரு சந்தேகம். பௌத்தம் வந்ததும் பழைய சடங்கை ஒரேயடியாக ஒழித்துவிட்டார்களா?

லே_தபால்காரர்:

இல்லவே இல்லை. திரிசோங் தேசென் என்ற திபெத்திய அரசன் இந்தியாவிலிருந்து சாந்தரட்சிதர் என்ற பௌத்த ஆசானை வரவழைத்து, 770களில் சம்யே மடத்தைக் கட்டி, ஏழு பேருக்குத் துறவு கொடுத்தான். அதற்கு நாற்பது வருடம் கழித்து நடந்ததைப் பாருங்கள்.

822இல் சீனத் தூதர் லாசா பக்கம் வந்து சமாதான உடன்படிக்கை செய்கிறார். விலங்குகளைப் பலியிட்டு, ரத்தத்தை உதட்டில் தடவிச் சத்தியம் செய்ய வேண்டும். எல்லாரும் தடவினார்கள். அரசவையில் பெரிய பதவியில் இருந்த பௌத்தத் துறவி மட்டும் தடவவில்லை என்று சீன வரலாற்று நூல் குறித்துவைத்திருக்கிறது. அதன் பிறகு புத்தர் முன்னால் இரண்டாவது சத்தியம், குங்குமப்பூத் தண்ணீர் குடித்து. அடுத்த ஆண்டு நட்ட கல்தூண் லாசாவின் ஜோகாங் கோயிலுக்கு முன்னால் இன்றும் நிற்கிறது. அதில் மும்மணிகளையும் (புத்தர், தர்மம், சங்கம்) சாட்சிக்குக் கூப்பிடுகிறார்கள், சூரியன், சந்திரன், கிரகம், நட்சத்திரத்தையும் கூப்பிடுகிறார்கள், விலங்கு வெட்டியதையும் ஒளிக்காமல் செதுக்கியிருக்கிறார்கள்.

மறுபடி டோலாஞ்சி போனால் பாட்டி காட்டிய திசையிலேயே சுற்றுங்கள். அப்படியே அங்கே நூலக வாசலில் பெயர்ப்பலகை இருந்தால் ஒரு படம் எடுத்துப் போடுங்கள் தம்பி. எழுத்துக்கூட்டிப் பார்க்கிறேன்.