பிளாஸ்மா காட்டினால் எலிக்கு இதயத் துடிப்பு குறைகிறது: காரணம் பிளாஸ்மாதானா?

கேள்வி (மருந்தியல் ஆய்வு மாணவி)

எல்லோருக்கும் வணக்கம். முனைவர் பட்ட ஆய்வில் மூன்றாம் வருஷம். குளிர் பிளாஸ்மா (ரத்தப் பிளாஸ்மா இல்லை; மின்சாரத்தால் ஒளிரவைத்த, சுடாத வாயு) புண்ணை ஆற்றுமா என்பது தலைப்பு. ஹீலியத்தில் ஓடும் ஜெட் ஒன்றை இயற்பியல் துறையில் செய்து கொடுத்தார்கள். குழாய் நுனியில் விரல் நீளத்துக்கு ஊதாச் சுடர். கையை நீட்டினால் சுடாது, யாரோ ஊதுவது மாதிரிதான் இருக்கும்.

"இதயத்துக்கு ஒன்றும் ஆகவில்லை என்று காட்டினால்தான் பேப்பர் நிற்கும்" என்றார் கைடு. விஸ்டார் வகை ஆய்வக எலிகளுக்கு கீட்டமின்-சைலசின் மயக்க ஊசி போட்டு, மார்பு முடியை மழித்து, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, ஐந்து நிமிடம் பிளாஸ்மா காட்டினேன். நிமிடத்துக்கு 270 இருந்த துடிப்பு 215-க்கு வந்துவிட்டது. ஆறு எலியிலும் இறக்கம்தான். சுடர் எரியும்போது ஈசிஜி தடித்த பட்டையாகிவிடுகிறது. அணைத்தால்தான் அலை தெரிகிறது. மயக்கி, சும்மா படுக்கவைத்த கன்ட்ரோல் எலிகளில் இவ்வளவு இறங்கவில்லை.

பிளாஸ்மாவில் உண்டாகும் நைட்ரிக் ஆக்சைடு ரத்தக் குழாயைத் தளர்த்துவதால்தான் இப்படி என்று எழுதலாமா? மறுபடி எலி கேட்பதற்கு முன்னால் தெளிவு வேண்டும்.

பதில் (உடலியங்கியல் ஆசிரியர்)

அப்படி எழுதாதீங்கம்மா. ரத்தக் குழாய் தளர்ந்தால் அழுத்தம் விழும். விழுந்த அழுத்தத்தை ஈடுகட்ட இதயம் வேகமாகத்தான் அடிக்கும். உங்களுக்கு நடந்தது அதற்கு நேர் எதிர். போதாததற்கு, நைட்ரிக் ஆக்சைடு ரத்தத்துக்குள் போனதுமே ஹீமோகுளோபின் பிடித்துக்கொள்ளும். மார்புத் தோலில் பட்டது இதயம் வரை போய்ச் சேர்வது கஷ்டம்.

மூன்று விஷயம் பாருங்க. முதலாவது சைலசின். துடிப்பைக் குறைப்பது அதன் குணம். மயங்காத எலிக்கு 300-க்கு மேல் இருக்கும். உங்கள் எலி 270-ல்தான் தொடங்கியிருக்கிறது. ஊசி போட்ட எத்தனையாவது நிமிடத்தில் எடுத்தீர்கள் என்பது இரண்டு குழுவிலும் ஒன்றாக இருந்ததா?

இரண்டாவது குளிர். இதுதான் எனக்குப் பெரிய சந்தேகம். மயங்கிய எலியால் உடல் சூட்டைக் காப்பாற்ற முடியாது. நீங்களோ முடியை மழித்து, ஸ்பிரிட்டால் நனைத்து, அதன் மேல் ஹீலியத்தை ஊதியிருக்கீங்க. காற்றைப் போல ஏறக்குறைய ஆறு மடங்கு வெப்பத்தைக் கடத்தும் வாயு அது. உடல் சூடு இரண்டு மூன்று டிகிரி இறங்கினாலே துடிப்பு கூடவே இறங்கும். மலக்குடல் வெப்பநிலை எடுத்தீர்களா? கேள்வியில் காணோம்.

மூன்றாவது மூக்கு. மார்புக்கும் மூக்குக்கும் நாலு விரல் தூரம்தான். காற்றில் எரியும் ஜெட் ஓசோனை உண்டாக்கும். அதைச் சுவாசிக்கும் எலிக்குத் துடிப்பும் உடல் சூடும் சேர்ந்தே இறங்கும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் ஆய்வாளர்கள் இதைப் பல வருஷமாகக் காட்டிவருகிறார்கள். நுரையீரல் உறுத்தப்பட்டு, இதயத் துடிப்பைக் குறைக்கும் வேகஸ் நரம்பு வழியாக வரும் விளைவு அது. பிளாஸ்மாவால் வந்ததுதான், ஆனால் தோல் வழியாக அல்ல.

இதயத்தின் மேல் நேரடி விளைவு வேண்டுமென்றால் லாங்கென்டார்ஃப் வையுங்க. 1895-லிருந்து இருக்கிற முறை. தனியே எடுத்த இதயத்துக்குள் 37 டிகிரியில் கிரெப்ஸ் கரைசலை (ரத்தத்துக்குப் பதிலாக ஓட்டும் உப்புக் கரைசல்) ஓட்டணும். அந்தக் கரைசலுக்குப் பிளாஸ்மா காட்டினால் ஹைட்ரஜன் பெராக்சைடும் நைட்ரைட்டும் அதில் தங்கும். பெராக்சைடு கொஞ்சமாக இருந்தால் இதயத்துக்கே ரத்தம் தரும் கொரோனரிக் குழாய் விரியும். கூடினால் சுருங்கும் விசை குறைந்து, துடிப்பு தாறுமாறாகும். எவ்வளவு இருக்கிறது என்று அளக்காமல் ஓட்டிவிடாதீங்க.

பதில் (பிளாஸ்மா இயற்பியல்)

சார் சொன்னதோடு ஒன்று. அந்தத் தடித்த பட்டை உயர் அழுத்த மின்சாரத்தின் வேலை, மேடம். சுடர் எலியைத் தொடும்போது எலியே இன்னொரு மின்முனை ஆகிவிடுகிறது; உடம்பு வழியாக மின்னோட்டம் தரைக்கு இறங்குகிறது. ஈசிஜி ஊசியும் அதே வழியில்தான் குத்தியிருக்கிறது. அதனால் "வாயு உண்டு, மின்சாரம் இல்லை" என்ற குழு கட்டாயம் வேண்டும். அதே தூரம், அதே வேகம், அதே ஈரம். சும்மா படுக்கவைத்த எலி இதற்குக் கன்ட்ரோல் ஆகாது.

கேட்டவர் மீண்டும்

சார், நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். வெப்பநிலை ஒரு எலிக்கும் எழுதவில்லை. ராத்திரி தூக்கமே வரவில்லை.

இன்று காலை எலியைத் தொடாமல் ஒரு சோதனை செய்தேன். கையுறை விரலில் 37 டிகிரித் தண்ணீர் நிரப்பிக் கட்டி, மேலே ஸ்பிரிட் தடவி, மின்சாரம் இல்லாமல் ஹீலியத்தை மட்டும் ஐந்து நிமிடம் விட்டேன். 4 டிகிரி இறங்கியது. வாயு இல்லாமல் வைத்தபோது ஒன்றரை. எலி வேறு, கையுறை வேறு என்று தெரியும். ஆனாலும் அந்த ஆறு எலிகளின் முடிவை நைட்ரிக் ஆக்சைடு கணக்கில் எழுத என்னால் முடியாது. கைடிடம் சொல்லிவிட்டேன், கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, திருத்து" என்றார்.

நெறிமுறைக் குழுவுக்குப் புது விண்ணப்பம் எழுதுகிறேன். வெப்பத் திண்டு, மலக்குடல் புரோப், மூக்குப் பக்கம் உறிஞ்சு குழாய், வாயு மட்டும் ஒரு குழு. ஒரு சந்தேகம் மட்டும் சார்: சைலசினை விட்டுவிட்டு, முகமூடி வழியாகச் சுவாசிக்கும் மயக்க மருந்தான ஐசோஃப்ளூரேனுக்கு மாறினால், மூக்கு முகமூடிக்குள் இருப்பதால் ஓசோன் பிரச்சினையும் சேர்ந்தே தீருமா?

பதில் (உடலியங்கியல் ஆசிரியர்)

பெரும்பாலும் தீரும்மா, முகமூடி இறுக்கமாக இருந்தால். ஆனால் ஒரு குழுவுக்காவது முகமூடி இல்லாமல் பாருங்க. புண்ணுக்கு வைத்தியம் பார்க்கும்போது நோயாளி அந்தக் காற்றைத்தானே சுவாசிப்பார்.