வட்டமாகப் பின்ன எந்த ஊசி வாங்குவது? குல்லா சுற்றி வந்து சேரவே மாட்டேன் என்கிறது

ஏற்காட்டுக்காரி கேட்டது:

வணக்கம். நேர் ஊசியில் மஃப்ளர் வரைக்கும் பின்னுவேன், நிட், பர்ல் என்கிற இரண்டு அடிப்படைப் பின்னலும் கை பழகிவிட்டது. டிசம்பருக்குள் அப்பாவுக்கு ஒரு குல்லா பின்னிவிட வேண்டும், விடிகாலையில் ஏரியைச் சுற்றி நடக்கப் போகிற மனுஷன், காதை மூடாமல் போய்விட்டு வந்து நாளெல்லாம் தும்முவார். தைத்து மூட்டுகிற குல்லா வேண்டாம், தையலே தெரியாமல் சுற்றிச் சுற்றிப் பின்ன ஆசை. கையில் இருக்கிற அமெரிக்க டிசைனில் 8ஆம் நம்பர் சர்குலர் ஊசி (இரண்டு ஊசி நுனியை ஒரு ஒயர் இணைக்கிற வகை), 88 கண்ணி என்று போட்டிருக்கிறது. சேலத்துக்குப் போன சித்தி 8ஆம் நம்பரே வாங்கி வந்தார்கள், அலுமினியம், நுனிக்கு நுனி 80 செ.மீ. கண்ணிகளை ஏற்றிவிட்டுப் பார்த்தால் முதல் கண்ணிக்கும் கடைசிக் கண்ணிக்கும் நடுவில் பாதி ஒயர் காலியாகக் கிடக்கிறது, எவ்வளவு இழுத்தாலும் சேரவில்லை.

சரி, அளவாவது பார்ப்போம் என்று அதே ஊசியில் முன்னும் பின்னுமாக ஒரு துண்டு போட்டேன். 10 செ.மீ.க்கு 22 கண்ணி வருகிறது, டிசைனில் 18தான். நூல் டிசைனில் சொன்ன தடிமன்தான், அக்ரிலிக். என் கை இறுக்கமா, ஊசி தப்பா? புதிதாக வாங்குவதென்றால் மூங்கிலா, ஸ்டீலா, இல்லை அந்த நாலைந்து குட்டி ஊசி செட்டா?

நூல்கண்டு:

உங்களுக்கு இருப்பது இரண்டு தனித்தனிப் பிரச்சினை, சேர்த்துப் பார்ப்பதால்தான் குழப்பம். முதலில் நீளம். சர்குலர் ஊசியின் மொத்த நீளம், அதாவது இரண்டு நுனியும் ஒயரும் சேர்ந்தது, நீங்கள் பின்னப் போகிற வட்டத்தின் சுற்றளவைவிடக் குறைவாக இருக்க வேண்டும். கண்ணிகள் ஊசியில் நெருக்கியடித்துக்கொண்டு உட்காரலாம், ஆனால் இல்லாத நீளத்துக்கு அவற்றை இழுக்க முடியாது. உங்கள் 88 கண்ணி, 10 செ.மீ.க்கு 18 வீதம், சுமார் 49 செ.மீ. வரும். பெரியவர்கள் தலை 55, 56 செ.மீ. இருக்கும், குல்லா கொஞ்சம் சிறியதாக இருந்தால்தான் தலையில் பிடித்து நிற்கும், அதனால் அந்தக் கணக்கு சரிதான். 49 செ.மீ. துணியை 80 செ.மீ. ஊசி முழுக்க எப்படிப் பரப்புவது? பெரியவர் குல்லாவுக்கு 40 செ.மீ. வாங்குங்கள், பாக்கெட்டில் சில சமயம் 16 இன்ச் என்று இருக்கும். 60ம் 80ம் ஸ்வெட்டர் உடம்புக்கு. பச்சைக்குழந்தைக் குல்லாவுக்கு அந்த 40கூட நீளம்தான், பிறந்த குழந்தை தலை 35 செ.மீ. அளவில் இருக்கும்.

காயில்கடைக்காரர்:

ஊசி நம்பர் பற்றி நான் சொல்கிறேன், பின்னுவது வீட்டில் அவங்க, நான் மோட்டார் காயில் கட்டுகிறவன். எங்கள் தொழிலில் கம்பிக்கு கேஜ் நம்பர் ஏற ஏறக் கம்பி மெலியும். நம்மூர் கடையில் கிடைக்கும் ஊசிக்கும் அதே பழைய பிரிட்டிஷ் வழிதான், 10ஆம் நம்பர் 3.25 மி.மீ., 8ஆம் நம்பர் 4 மி.மீ., 6ஆம் நம்பர் 5 மி.மீ. அமெரிக்கக்காரன் கணக்கு அப்படியே தலைகீழ், நம்பர் ஏறினால் தடிமன் ஏறும், அவன் 8 என்றால் 5 மி.மீ. ஆக அவன் 8 நம்ம கடையில் 6. உங்கள் சித்தி மேலும் தப்பில்லை, கடைக்காரர் மேலும் தப்பில்லை, இரண்டு பேரும் 8 என்றுதான் பேசியிருக்கிறார்கள். மேல் எழுத்து அழிந்த ஊசியாக இருந்தால் வெர்னியர் வைத்திருக்கிற எந்தப் பட்டறையிலும் ஒரு நிமிஷத்தில் அளந்து கொடுப்பார்கள். இனிமேல் நம்பரே கேட்காதீர்கள், மி.மீ. சொல்லிக் கேளுங்கள்.

நூல்கண்டு:

அண்ணன் சொன்னது மிகச் சரி. 22 கண்ணிக்குக் காரணம் அதுதான், கையைக் குறை சொல்லாதீர்கள். இதே 4 மி.மீ.யில் 88 கண்ணியைப் பின்னினால் 40 செ.மீ. குல்லா வரும், அப்பா தலையில் உட்காராது. ஆனால் அந்த ஊசியைத் தூக்கி எறியவும் வேண்டாம். குல்லாவின் விளிம்பில் 2 நிட் 2 பர்ல் என்று மாற்றி மாற்றி ரிப் (இழுபடுகிற வரிப்பட்டை) போடுவோம் இல்லையா, அதை நிறையப் பேர் மீதிக் குல்லாவுக்கு எடுக்கிற ஊசியைவிட மெல்லிய ஊசியில்தான் பின்னுவார்கள், பிடிப்பு நன்றாக இருக்கும். ரிப்பை உங்கள் 4 மி.மீ.யில் முடித்துவிட்டு 5 மி.மீ.க்கு மாறுங்கள்.

80 செ.மீ.யில் எப்படி என்று கேட்பீர்கள். மேஜிக் லூப் என்று ஒரு முறை இருக்கிறது. கண்ணிகளை 44, 44 ஆகப் பிரித்து, நடுவில் ஒயரைக் காது மாதிரி வெளியே இழுத்துவிடுங்கள். முன்பாதி ஒரு நுனியில், பின்பாதி மறு நுனியில். பின்பக்க நுனியை உருவி எடுத்து அதால் முன்பாதியைப் பின்னுங்கள், முடிந்ததும் திருப்பிக்கொண்டு மறுபாதி. ஒவ்வொரு பாதி தொடங்கும்போதும் முதல் இரண்டு கண்ணியை இறுக்கிப் போடுங்கள், இல்லாவிட்டால் அந்த இடத்தில் ஏணி மாதிரி இடைவெளி விழும். ஒயர் சுருண்டு அடம்பிடித்தால் பின்னலை ஏற்றுவதற்கு முன் வெந்நீரில் கொஞ்ச நேரம் போட்டு நீவிவிடுங்கள், நேராகும்.

ஐந்துரோடு அம்மா:

மேஜிக் லூப் எல்லாம் கேட்க நன்றாக இருக்கும், புதிதாகப் பழகுகிறவருக்கு ஒவ்வொரு பாதிக்கும் ஒயரை இழுத்துக்கொண்டிருப்பது எரிச்சல். நான் 40 செ.மீ. கட்சி, நிற்காமல் சுற்றிக்கொண்டே போகலாம். ஒரே குறை, நுனி குட்டையாக இருக்கும், பெரிய கை உள்ளவர்களுக்கு விரல் வலிக்கும். உச்சிக்குக் கண்ணி குறைக்கும்போது 40ம் நீளமாகிவிடும், அங்கேதான் இரண்டு பக்கமும் கூரான குட்டி ஊசி செட் தேவைப்படும். அதிலேயே ஆரம்பிக்காதீர்கள் கண்ணு, முள்ளம்பன்றியைக் கையில் பிடித்த கதையாகிவிடும்.

மூங்கில் ஊசியில் கண்ணி வழுக்காது, பயமில்லாமல் பழகலாம். ஆனால் அக்ரிலிக் நூலும் இறுக்கமான கையும் சேர்ந்தால் மூங்கிலில் நகரவே நகராது, அவர்களுக்கு ஸ்டீல்தான். எதை வாங்கினாலும் ஒயரும் ஊசியும் சேருகிற இடத்தை நகத்தால் தடவிப் பாருங்கள், இடறினால் வேண்டாம், ஒவ்வொரு கண்ணியும் அங்கே மாட்டும். இங்கே தையல் சாமான் கடைகளில் நான் பார்த்தது பெரும்பாலும் நேர் ஊசிதான், 40 செ.மீ. சர்குலரை ஆன்லைனில்தான் வாங்கினேன். போனி, நிட்ப்ரோ இரண்டும் நம் நாட்டு கம்பெனிகள்தான். ஒருமுறை வாங்கினால் மஃப்ளரையும் இதிலேயே முன்னும் பின்னுமாகப் பின்னிக்கொள்ளலாம். மலை பஸ்ஸில் 20 கொண்டை ஊசி வளைவிலும் பக்கத்து சீட்டுக்காரரை நேர் ஊசியால் குத்தாமல் வரலாம், அதற்காகவே வாங்கலாம்.

ஏற்காட்டுக்காரி:

எல்லோருக்கும் நன்றி, தலை தெளிந்தது. 40 செ.மீ., 5 மி.மீ. மூங்கில் ஆர்டர் போட்டுவிட்டேன். அது வருவதற்குள் ரிப்பை மேஜிக் லூப்பில் தொடங்கிவிட்டேன், ஒயர் இழுப்பது அவ்வளவு மோசமில்லை அம்மா. இரண்டு சந்தேகம். சேர்க்கும்போது முறுக்கிக்கொள்ளும் என்கிறார்களே, அதை எப்படிக் கண்டுபிடிப்பது? அப்புறம், நூல் நுனி தொங்குகிற பக்கம் எனக்கு எதிரில் தூரத்தில் இருக்கிறது, குல்லா உள்ளே வெளியே மாறிப் போகிறதா?

நூல்கண்டு:

முறுக்கு விழுந்தால் பின்னால் சரிசெய்ய வழியே இல்லை, முழுக்கப் பிரிக்க வேண்டியதுதான். சேர்க்கும் முன் மேஜையில் வைத்து, கண்ணி போட்ட விளிம்பு முழுக்க ஒயருக்கு உள்பக்கமாகவே ஓடுகிறதா என்று பாருங்கள். அடுத்த தடவை முதல் இரண்டு வரியைச் சேர்க்காமல் நேராகவே பின்னிவிட்டு அப்புறம் சேருங்கள், பட்டை அகலமாகிவிடுவதால் முறுக்கு கண்ணுக்குத் தெரியும், விளிம்பில் நிற்கிற சின்ன இடைவெளியை நூல் வாலால் தைத்து மறைக்கலாம்.

உள்ளே வெளியே மாறுவது பெரிய விஷயமே இல்லை. நீங்கள் வட்டத்தின் தூரத்துப் பக்கத்தில் பின்னிக்கொண்டிருக்கிறீர்கள், நல்ல பக்கம் உள்ளே போயிருக்கும். அப்படியே புரட்டி, ஊசி நுனிகள் உங்கள் பக்கம் வரும்படி பிடித்துத் தொடருங்கள். மேலே வட்டமாகப் போகும்போது எல்லா வரியும் நிட் மட்டும் போதும், பர்ல் வேலையே இல்லை. உச்சிக்கு 9 நிட், அடுத்த இரண்டைச் சேர்த்து ஒன்று, இப்படிச் சுற்றுக்கு 8 கண்ணி குறையும், நடுநடுவே ஒரு சுற்று சும்மா பின்னுங்கள், அடுத்த குறைப்பில் 8 நிட், அப்புறம் 7. கண்ணி நெருக்கம் விட்டு இழுபட ஆரம்பித்ததும் குட்டி ஊசி செட்டெல்லாம் வாங்கப் போகாதீர்கள், அந்த 4 மி.மீ. 80ஐயே எடுத்து மேஜிக் லூப்பில் முடித்துவிடுங்கள். உச்சியில் பின்னல் கொஞ்சம் இறுகும், குல்லாவுக்கு அது பரவாயில்லை.