ஈராசிரியர் பள்ளி, வேலை கழுத்தை நெரிக்கிறது: எச்.எம்.மிடம் எப்படிச் சொல்வது?

புதுக்கரும்பலகை:
வணக்கம். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் இடைநிலை ஆசிரியையாக இருக்கிறேன். மொத்தமே இரண்டு பேர். ஒன்று முதல் மூன்று வரை என்னிடம், நான்கும் ஐந்தும் எச்.எம். அம்மாவிடம். அவர் ஓய்வு வயதை நெருங்கிவிட்டார், போனில் பேசுவதைத் தவிர வேறெதுவும் வராது, அதனால் எமிஸ் (கல்வித்துறையின் இணையப் பதிவு) வருகைப்பதிவு, 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தின் மதிப்பீடு, சீருடை அளவு, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துப் படம் எல்லாம் என் தலையில். போதாததற்கு வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்கும் வாக்குச்சாவடி நிலை அலுவலர் வேலையும் எனக்குத்தான். அலுவலக வாட்ஸ்அப் குரூப்பில் "மிக அவசரம்" என்று செய்தி வந்தால் பாடம் அப்படியே நின்றுவிடும். போன வாரம் அரும்பு என்ற தொடக்க நிலையில் இருக்கும் ஒரு பையன் 'பட்டம்' என்று முதல்முறையாக எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறான், நான் செயலியில் சுற்றும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அழுகையே வந்துவிட்டது.

அம்மா நல்லவர். வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு வாடகை வீடு பார்த்துக் கொடுத்ததே அவர்தான். "நீ இருக்கியேம்மா, எனக்கென்ன கவலை" என்பார். அதற்குமேல் எனக்கு வாய் வருவதில்லை. என்ன செய்யட்டும்?

மொட்டு டீச்சர்:
தங்கச்சி, முடியலைன்னு சொல்லப் போகாதே, அது உனக்கு வராது. உதவியாகக் கேள். "அம்மா, மதிப்பீடு போடுற ஒரு மணி நேரம் என் பிள்ளைகளையும் நீங்க வச்சுக்கறீங்களா?" இதற்கு எந்த எச்.எம்.மும் மாட்டேன் என்று சொல்ல மாட்டார். போன் தேவைப்படாத வேலைகளை அவர் பக்கம் தள்ளிவிடு: தீர்மான நோட்டு, பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசுவது, பதிவேடுகள். காலை வருகைப்பதிவை முடித்ததும் குரூப்பை மதியம் வரை மௌனத்தில் போடு. உண்மையிலேயே அவசரம் என்றால் அலுவலகத்திலிருந்து எச்.எம்.முக்கு நேராகவே கூப்பிடுவார்கள்.

இயக்கத் தோழர்:
இதைக் குணப் பிரச்சினையாக மட்டும் பார்க்க வேண்டாம் டீச்சர். கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 27: பத்தாண்டுக்கொருமுறை வரும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர வேறு கல்விசாராப் பணிக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது. வாக்காளர் பட்டியல் வேலை தேர்தலில் வந்துவிடும், அதை மறுக்க முடியாது. ஆனால் அதை விடுமுறை நாளிலும் பாடம் நடக்காத நேரத்திலும்தான் செய்ய வைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2007-லேயே சொல்லியிருக்கிறது. எமிஸை அந்தப் பிரிவை வைத்து மறுப்பது கடினம், அது கல்விப் பணி என்றே பதில் வரும். இதையெல்லாம் குரூப்பில் எழுதிவிடாதீர்கள், தனி ஆளாகச் சிக்கினால் 17(அ) விதியின்கீழ் ஒழுங்கு நடவடிக்கைக் குறிப்பாணைதான் கைக்கு வரும். நம் ஆசிரியர் இயக்கத்தின் வட்டாரப் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள், பத்துப் பள்ளிகளின் பிரச்சினையாக அவர் வட்டாரக் கல்வி அலுவலரான பி.இ.ஓ.விடம் எடுத்துப் போவார். அப்புறம் ஒன்று, உங்கள் பள்ளியில் பிள்ளைகள் எத்தனை பேர்?

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:
மொட்டு டீச்சர் சொன்னதில் ஒன்று எனக்கு ஒப்பவில்லை. போன் வேலை முழுவதையும் அந்தப் பெண்ணிடமே விட்டுவிடலாமா? கையெழுத்துப் போடுவது எச்.எம்., பதில் சொல்ல வேண்டியதும் எச்.எம்.தான். எங்கள் வயதில் "எனக்கு இது தெரியாது, சொல்லிக் கொடு" என்று சின்னவர்களிடம் கேட்க எங்களுக்கும் வாய் வராதும்மா. அதைத்தான் 'நீ இருக்கியே' என்று பாராட்டாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவோம். வருகைப்பதிவை மட்டும் அவர் போனில் போட்டுக் காட்டு. பிள்ளைகள் போன பிறகு, வேறு யாரும் இல்லாத நேரத்தில். பக்கத்தில் உட்கார்ந்து அவர் விரலாலேயே அழுத்த வை. எனக்கு அப்படித்தான் வந்தது. அந்த ஒன்று பிடிபட்டுவிட்டால் அடுத்ததை அவரே கேட்பார்.

புதுக்கரும்பலகை:
சார், அவருக்குக் கூச்சம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து பார்க்கிறோம். அக்கா, அந்த ஒரு மணி நேரத்தை நாளைக்கே கேட்கிறேன். தோழர், பதிவில் 64 பிள்ளைகள்.

இயக்கத் தோழர்:
64 என்றால் மூன்றாவது ஆசிரியரே வர வேண்டும். 60 வரைதான் இரண்டு பேர், 61-லிருந்து 90 வரை மூன்று என்று அதே சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறது. ஆகஸ்ட் 1 நிலவரத்தை வைத்துத்தான் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்ற பணியாளர் நிர்ணயம் செய்வார்கள், அந்தத் தேதியில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று பதிவேட்டில் பாருங்கள். கூடுதல் பணியிடம் கேட்டு எச்.எம். கையெழுத்தோடு கருத்துரு போகட்டும். வரைவு நான் எழுதித் தருகிறேன், அம்மா படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் போதும்.