நெற்றியில் வந்த அக்கி கண்ணைத் தொட்டது

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் எங்களோடு இருக்கும் என் மாமியாருக்கு நடந்ததைச் சொல்கிறேன். முதலில் வலது பக்க நெற்றியில் மட்டும் எரிச்சல், சுரீர் சுரீரென்று குத்தல். சீப்பு பட்டாலே துடித்துவிடுவார். தோலில் எதுவும் தெரியாததால் தலைவலி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அப்புறம்தான் கொப்புளம் கிளம்பியது. நெற்றியின் நடுவைத் தாண்டவே இல்லை. பக்கத்து வீட்டு ஆயா பார்த்ததுமே "அக்கிதான் இது" என்றார். ஊரில் குயவர் காவியால் எழுதிவிடுவார்களாம். இங்கே அதற்கு ஆளில்லை, வேப்பிலை அரைத்துப் போடு என்றார்.

மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டோம். கிளினிக்குக்கும் போனோம். அங்கே நர்ஸ் முதலில் பார்த்தது மூக்கு நுனியை. அங்கேயும் ஒரு கொப்புளம். உடனே கண் மருத்துவரிடம் அனுப்பிவிட்டார். மூக்கு நுனிக்கும் கண்ணுக்கும் ஒரே நரம்புக் கிளைதான் போகிறது. அங்கே கொப்புளம் வந்தால் கண்ணும் பாதிக்க வாய்ப்பு அதிகம். சின்ன வயதில் வந்த சின்னம்மைக் கிருமி நரம்பு முடிச்சில் பதுங்கியிருந்து, பெரும்பாலும் வயதான பிறகு எழும்புவதுதான் அக்கி.

அந்தக் கிருமியை அடக்கும் அசைக்ளோவிர் மாத்திரை கொடுத்தார்கள், 800 மில்லிகிராம், நாளுக்கு ஐந்து வேளை. கொப்புளம் தெரிந்து 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம். அத்தைக்குக் கண்ணுக்குள் அழற்சி, அழுத்தமும் ஏறியிருந்தது. ஸ்டீராய்டு சொட்டு மருந்து கொடுத்தார்கள். தயவுசெய்து அதை நீங்களாகக் கடையில் வாங்கிப் போடாதீர்கள்.

கொப்புளம் ஆறியும் ஒன்று மிச்சம். கருவிழியில் உணர்ச்சி குறைந்துவிட்டது. தூசி விழுந்தாலும் அவருக்குத் தெரிவதில்லை, வலிக்காமலே புண்ணாகிவிடும். அதனால் தினமும் காலையில் வெளிச்சத்தில் உட்காரவைத்து நான் பார்க்கிறேன். சிவந்திருந்தால் அன்றே டாக்டரிடம் போய்விடுகிறோம்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து ஒருவர் எழுதிய பதில்:
அக்கா, எனக்கு இளவயதிலேயே வந்தது, விலாப் பக்கம். இளவயதில் வந்தால், எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கிறதோ என்று இங்கே எச்.ஐ.வி. பரிசோதனையும் செய்யச் சொல்வார்கள். கூச்சப்படாமல் செய்துகொள்ளுங்கள், இருந்தால் சிகிச்சை உண்டு. எனக்கு இல்லை. ஆனால் கொப்புளம் காய்ந்து மாதக்கணக்கில் சட்டை உரசினாலே நெருப்புப் பட்டாற்போல் இருந்தது. சாதாரண வலி மாத்திரை கேட்கவில்லை. இரவில் சிறிய அளவில் அமிட்ரிப்டிலின் கொடுத்த பிறகுதான் தூங்கினேன். அத்தைக்கும் நெற்றி வலி நீடித்தால் நரம்பு வலிக்கென்றே மருந்து கேளுங்கள், வயதைச் சொல்லிக் கேளுங்கள். வயதானவர்களுக்கு அந்த மாத்திரையில் தலைசுற்றல் வரும்.