வெக்ஸ்ஃபோர்ட் ஃப்ளாவில் கேட்டதும் பார்த்ததும்

டப்ளினுக்கு வந்த புதிதில் ஐரிஷ் திருவிழா என்றால் எனக்கு மார்ச் 17 புனித பேட்ரிக் நாள் ஊர்வலமும் பச்சைத் தொப்பியும்தான். ஃப்ளா கியோல் என்று ஒன்று இருப்பதை அலுவலகத்தில் என்னோடு வேலை செய்யும் பிடில்காரர் ஒருவர்தான் சொன்னார். 1951இல் முல்லிங்காரில் தொடங்கிய மரபிசை விழா. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊர் மாறும். 2024 ஆகஸ்டில் வெக்ஸ்ஃபோர்டில் நடந்தபோது ரயிலேறிவிட்டேன்.

மேடைக் கச்சேரி எதற்கும் டிக்கெட் வாங்கவில்லை. தெருவே போதும். புல்ரிங் சதுக்கத்தில், ஆங்கிலேயருக்கு எதிரான 1798 கிளர்ச்சியின் நினைவாக நிற்கும் ஈட்டிக்காரர் சிலைக்குப் பக்கத்தில், ஒரு சிறுமி கான்செர்டினா என்ற சின்னக் கைத்துருத்திப் பெட்டியை வாசித்துக்கொண்டிருந்தாள். பத்து வயது இருந்தால் அதிகம். அருகில் பிடிலோடு ஒரு தாத்தா. ஏதோ குடும்பம் என்று நினைத்தேன். அன்றுதான் முதன்முதலாகப் பார்த்துக்கொள்கிறார்களாம். அவள் ஒரு ஜிக் எடுத்தாள், நம் திஸ்ர நடை போலத் துள்ளும் மெட்டு. இரண்டாம் சுற்றில் தாத்தா சேர்ந்துகொண்டார். மூன்றாவது முடியும்போது அவள் தலையை லேசாக நிமிர்த்தினாள், அவ்வளவுதான், நிற்காமல் அடுத்த மெட்டுக்குத் தாவிவிட்டாள். அது அவருக்குத் தெரியாது போலிருக்கிறது. பிடிலை மடியில் வைத்துவிட்டுக் கேட்க ஆரம்பித்தார். தெரியாத மெட்டில் ஒப்பேற்றாமல் சும்மா இருப்பதுதான் அங்கே மரியாதையாம். அப்புறம் ஒருவர் பளபளவென்று புது பௌரானோடு வந்து, சேரலாமா என்றுகூடக் கேட்காமல் தட்டத் தொடங்கினார். ஆட்டுத்தோல் பறை, அதுவும் தாளம் பிசகி! பாதி மெட்டு அதிலேயே மூழ்கிவிட்டது. யாரும் எதுவும் சொல்லவில்லை. அந்த மெட்டு முடிந்ததும் சிறுமி பெட்டியை மூடிவிட்டாள்.

•

அக்கா, உங்கள் வெக்ஸ்ஃபோர்ட் பதிவைப் படித்தேன். நீங்கள் பார்த்தது தெரு; நாங்கள் மாட்டிக்கொண்டது போட்டி. மகள், இந்த விழாவை நடத்தும் கோல்டஸ் என்ற மரபிசை அமைப்பின் கிளையில் டின் விசில் என்ற சின்னத் தகரக் குழல் கற்கிறாள். முதலில் கவுண்டி, அதாவது மாவட்டப் போட்டி, அப்புறம் மாகாணம், அதையும் தாண்டினால்தான் ஃப்ளாவில் நடக்கும் அகில அயர்லாந்துப் போட்டி. அவள் கவுண்டியோடு நின்றுவிட்டாள். சரி, கேட்கவாவது போவோம் என்று நாங்களும் அதே ஆண்டு வெக்ஸ்ஃபோர்ட் போனோம்.

அங்கே லில்டிங் என்று ஒரு போட்டி. வாத்தியமே கிடையாது, அர்த்தமில்லாத அசைகளை வைத்து வாயாலேயே நடன மெட்டைப் பாடவேண்டும். ஒரு பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்ததும் மகளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அரை நிமிடத்தில் அவள் காலும் தாளம் போட ஆரம்பித்துவிட்டது. வீட்டில் இப்போது பயிற்சி அதில்தான், டின் விசில் மேஜையில் கிடக்கிறது.

போகிறவர்களுக்கு ஒன்று: தங்குமிடத்தைப் பல மாதம் முன்பே பிடித்துவிடுங்கள். நாங்கள் கடைசி நேரத்தில் தேடி, கூடாரத்தில் படுத்து, மழையில் நனைந்தோம்.